நான்கு கேள்விகளில் தப்பித்த எண்

“அந்த நம்பர நூத்தி அம்பத்தொண்ணால வகுங்க சார்” என்றாள் பொன்மணி. மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீட்டில் வேறு எதை வேண்டுமானாலும் கேள், வகுக்கச் சொல்லி மட்டும் கேட்காதே என்று அங்கே வீட்டுவேலை செய்யும் அவள் அம்மா தாயம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து குட்டி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்ரீரங்கன், ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர், ஸ்பூனைத் தட்டில் வைத்தார். குட்டி இட்லி ஆசைக்காகச் செய்தது அல்ல. அந்த வீட்டில் பல வருடங்களாக எதையும் விள்ளவோ நறுக்கவோ உடைக்கவோ முடியாது. பெரிய இட்லியை விண்டால் விண்ட இடம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒரே வாயில் போடுகிற அளவில் வார்த்தால்தான் சாப்பிட முடியும். வாய்க்குள் போன பிறகு நடப்பதில் எண் தலையிடவில்லை.

எண் என்பது 3215031751. முந்நூற்று இருபத்தொரு கோடியே ஐம்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று. ஸ்ரீரங்கனின் அப்பா காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, அவரும் மாடியில் குடியிருக்கும் தம்பி பத்ரிநாராயணனும் வீட்டை எப்படிப் பாகம் பிரிப்பது என்று பேச உட்கார்ந்த அன்று அது வந்தது. கூடத்துச் சுவருக்கு ஒரு சாண் முன்னால், காற்றில், கோலமாவு நிறத்தில், பத்து இலக்கங்களும் வரிசையாக வந்து நின்றன. கையை நீட்டினால் கை அந்தப் பக்கம் போனது. ஒட்டடைக் கோலுக்கு அசையவில்லை. இது அண்ணன் வைத்த புரொஜெக்டர் வேலை என்று பத்ரி பரண் வரை ஏறித் தேடினார். பாகத்தை அவசரப்படுத்தத் தம்பி செய்த மிரட்டல் என்று ஸ்ரீரங்கன் நினைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து, காபி டம்ளர்களை எடுக்க வந்த தாயம்மாவைக் கூப்பிட்டு, அவளுக்கு எத்தனை வரை எண்ணத் தெரியும் என்று விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் பத்ரி கொத்தனாரைக் கூட்டிவந்து கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பினார். விடிந்து பார்த்தால் செங்கல் அத்தனையும் வாசலில் வந்த மாதிரியே அடுக்கியிருந்தது. சுவரைத் தொடர்ந்து மற்றவையும் நின்றுபோயின. தேங்காய் உடையவில்லை. கோவிலில் உடைத்துக் கொண்டுவந்த மூடிகள் வாசற்படி தாண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து முழுத் தேங்காய் ஆயின, உள்ளே தண்ணீர் மட்டும் இல்லை. மாம்பலத்தில் நறுக்கிப் பையில் போட்டு விற்கும் பீன்ஸை வாங்கிவந்தால் கூடத்துக்கு வருவதற்குள் பீன்ஸ் முழுசாக நீண்டுவிடும். சாம்பாரில் முருங்கைக்காய் முழு நீளத்துக்குப் பாத்திரத்தைவிட்டு வெளியே நின்றது. பத்ரி ஒருமுறை கோபித்துக்கொண்டு குடும்பத்தோடு அடையாறில் வாடகைக்குப் போனார். சாமான் ஏற்றிய லாரி இருட்டுவதற்குள் திரும்பிவந்து, வழி தெரியாமல் போய்விட்டது என்று சொல்லி அதே மாடியில் இறக்கிவிட்டுப் போனது. கடைக்குப் போய் வரலாம், வேலைக்குப் போய் வரலாம். பிரிந்து போக முடியாது. ஜலஜா, ஸ்ரீரங்கனின் மனைவி, முழுக் கத்திரிக்காய், முழு உருளைக்கிழங்கு என்று சமையலை மாற்றிக்கொண்டாள். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், முக்கியமாகப் பாத்திரம் தேய்க்க வேறொருத்தி இருந்தால்.

ஸ்ரீரங்கனுக்கு எண்ணின் குணம் சீக்கிரமே பிடிபட்டது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். இது பகா எண், அதனால்தான் அது நிற்கிற வீடும் பகாமல் நிற்கிறது என்றார். பேராசிரியர் என்ற முறையில் சோதித்தும் பார்த்தார். பெரிய எண்ணை உடைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் செய்வதுபோல அதற்கு எதிரே ஒரு சின்ன எண்ணை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பகா எண்ணாக இருந்தால் சரியான பதில் வந்தே தீரும். பகு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் உளறி மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் என்பதுதான் விஷயம். சில பகு எண்கள் உளறாமல் தப்பித்துவிடும். அவற்றுக்குப் போலிப் பகா எண்கள் என்று பெயர். ஸ்ரீரங்கன் கணினியில் இரண்டை விட்டுக் கேட்டார். எண் சரியாகச் சொன்னது. மூன்றை விட்டுக் கேட்டார், ஐந்தை விட்டு, ஏழை விட்டுக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஜலஜா பாயசம் வைத்தாள். இந்த நான்கு கேள்விகளிலும் தப்பிக்கிற போலி இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி வரைக்கும் தேடினாலும் ஒன்றே ஒன்றுதான் என்று அவர் படித்திருந்தார். “ஒண்ணே ஒண்ணு. அது போயும் போயும் நம்மாத்துக்கா வரப்போறது?” என்று சொல்லி, அந்த ஒன்று எது என்று பார்க்காமலே கணினியை மூடினார். பார்த்தால் எண்ணைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் பதில் வரும் என்று பத்ரி சொன்னபோது, நம்மாத்து மாட்டுப்பெண்ணைப் பற்றித் தெருவில் போய் விசாரிக்கிற மாதிரி இருக்கும் என்று தடுத்துவிட்டார்.

அவர்கள் சந்தேகப்பட்டது தாயம்மாவை. அவள் வெளியிலிருந்து வேலைக்கு வந்துபோன நாட்களில், காலையில் வரும்போதும் மாலையில் போகும்போதும் அவள் பையை ஜலஜா திறந்து பார்ப்பாள். ஒரு ஸ்பூன் காணாமல் போனால் அது அலமாரிக்குப் பின்னால் கிடைக்கிற வரைக்கும் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு எண்ணுக்கு நான்கு கேள்வி போதுமானதாக இருந்தது. இருபது வருடமாக அவர்கள் எச்சிலைத் தேய்த்தவளுக்கு எத்தனை கேள்வியும் போதவில்லை.

பத்ரி மட்டும் அண்ணனுக்குத் தெரியாமல் மாடியில் உட்கார்ந்து கால்குலேட்டரில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். நூற்றுப் பதிமூன்றுக்கு வந்தபோது காபி வந்தது. இனிமேல் எதற்கு வகுபடப் போகிறது என்று மூடிவைத்தார். இன்னும் ஆறு பகா எண்கள் போயிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அவருக்கும் உள்ளூர அவசரம் குறைந்திருந்தது. பாகப் பேச்சு வரும்போதெல்லாம் சகோதரர்கள் முட்டிக்கொண்டது கிணற்றிலோ கார் நிறுத்துகிற இடத்திலோ அல்ல. பிரிந்தால் தாயம்மா யார் பக்கம் என்பதில்தான்.

தாயம்மா அந்த வீட்டில் மாட்டியது இப்படி. அடையாற்றுக் கரையில் கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கத்தில் அவளும் புருஷன் ரகுபதியும் மகள் பொன்மணியும் இருந்த வீட்டை இடித்து, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து விடியற்காலைக்கு மயிலாப்பூர் வந்து வாசல் தெளிக்க முடியாது என்று தாயம்மா சொன்னபோது, பின்கட்டில் விறகு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்து, “இங்கேயே இருந்துக்கோ. நீ என்ன வெளி மனுஷியா? நம்மாத்து மனுஷிதானே” என்றாள் ஜலஜா. தாயம்மாவும் சரி என்றாள். அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போக மயிலாப்பூர்க் குளத்து நிறுத்தத்தில் பஸ் ஏறினாள். பெரும்பாக்கம் என்று இறங்கினால் குளத்து நிறுத்தமாக இருந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி அதுவே. பழகிப்போய்க் கண்டக்டர்கள் அவளிடம் டிக்கெட் கேட்பதை நிறுத்தினார்கள். வீட்டு மனுஷி என்று சொல்லிவிட்டதால் எண் அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வாரக்கூலி, விடுப்பு என்கிற பேச்செல்லாம் வீட்டு மனுஷிக்கு எதற்கு என்று அதுவும் நின்றது.

ரகுபதி பெரும்பாக்கத்தில் ஒரு கோடையில் காய்ச்சலில் இறந்தான். தாயம்மா தலைவிரி கோலமாக நாள் முழுவதும் பஸ் ஏறி ஏறி இறங்கினாள். கடைசியில் பொன்மணிதான் வண்டிக்காரரிடம் பேசி, உடம்பை மயிலாப்பூர் வழியாகக் கொண்டுவந்தாள். வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. புருஷனோடு கூடப் போவது பிரிந்து போவதில் சேர்த்தி என்பதால் தாயம்மாவின் கால் கேட்டைத் தாண்டவில்லை, உள்ளே நின்று பார்த்தாள். ஜலஜா வந்தவர்களுக்கெல்லாம் பேப்பர் கப்பில் காபி கொடுத்தாள், சர்க்கரை சரியாக இருந்தது. அந்தக் காபியைப் பொன்மணி குடித்தாள். அதைக் குடித்ததற்காக அவள் தன்னை இதுவரை மன்னிக்கவில்லை, அவர்களையும் மன்னிக்கவில்லை.

பொன்மணி அரசுக் கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கினாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மேற்கு மாம்பலத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறாள். ஸ்ரீரங்கன் அவளை உட்காரவைத்து எண்ணின் பெருமையை ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவள் பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் அவர் செய்த மரியாதை அது. அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது. சந்தேகம் படிப்போடு வந்தது அல்ல. ஆற்றங்கரையில் அதிகாரிகள் வந்து சுவரில் எண் எழுதிவிட்டுப் போனால் அந்த வீடு நிற்காது என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எண் எழுதியும் நிற்கிற வீட்டை அவள் மயிலாப்பூரில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

வகுத்துப் பார்க்கக் கூடாதா என்று அம்மாவிடம் கேட்டபோது தாயம்மா பதறிப்போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மகளை இழுத்து உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, “வகுத்தா என்னியும்தாண்டி வகுப்பாங்க. பெரியவருக்குப் பாதி, சின்னவருக்குப் பாதி. இந்தூட்ல எதுவும் சும்மா பேச்சுக்கு இல்ல, எல்லாம் நடந்துக்கினு கீது. முயுசா இங்க கெடக்கேன், அதுவாச்சும் கெடக்கட்டும் உடு” என்றாள். தேங்காயே ஒட்டிக்கொள்கிற வீட்டில் மனுஷி பிளந்துபோக மாட்டாள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது. அதனால்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தாள்.

இன்றைக்குக் காலை பெரும்பாக்கத்திலிருந்து வந்த பஸ் மத்திய கைலாஷில் அசையாமல் நின்றது. பொன்மணி கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து எண்ணைத் தட்டினாள். பதிலை யாரிடமும் கேட்க அவளுக்கு மனசில்லை, கேட்டால் நம்பவும் மனசில்லை. இரண்டிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டால் வகுபடவில்லை, ஒற்றைப்படை எண். அது அவளுக்கு முன்பே தெரியும், ஆனாலும் போட்டுப் பார்த்தாள். சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்து அடையாறு டிப்போவுக்கு வந்தபோது நூற்று ஐம்பத்தொன்றின் முறை வந்தது. புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் முழு எண்ணாக விடை வந்தது. விடையை மேலும் உடைத்தாள். மந்தைவெளி தாண்டுவதற்குள் மூன்று எண்களும் கையில் இருந்தன. இரண்டு பாதி அல்ல, மூன்று பங்கு, அம்மா பிளக்க வேண்டியதில்லை. பக்கத்து சீட்டு அம்மாள், யாராவது தவறிட்டாங்களா கண்ணு என்று கேட்கிற அளவுக்கு அவள் முகம் இருந்தது.

ஆகவே கூடத்தில் நின்று கேட்டாள். ஸ்ரீரங்கன் இட்லித் தட்டை நகர்த்தி வைத்தார்.

“யார் சொல்லிக் குடுத்தா நோக்கு?”

“யாரும் சொல்லல சார். நீங்க நாலு கேள்வியோட உட்டீங்க. அஞ்சாவதா பதினொண்ண உட்டுக் கேட்டிருந்தா அது அப்பவே மாட்டியிருக்கும். ரெண்டாயிரத்தி ஐந்நூறு கோடியில ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னீங்களே, எதுன்னு பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. கூடத்து மூலையில் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த காலத்துக் கரும்பலகை இருந்தது. இவளை ஒரேயடியாக வாயடைக்க வேண்டும் என்று எழுந்து போய், முழுச் சாக்பீஸை எடுத்து, எண்ணை எழுதி, பக்கத்தில் 151 என்று எழுதினார். முந்நூற்று இருபத்தொன்றில் இரண்டு தடவை போனது. ஐந்தை இறக்கினார், பூஜ்யத்தை இறக்கினார். ஜலஜா சமையலறை வாசலில் வந்து நின்று, வேண்டாம்னா விட்டுடுங்கோளேன் என்றாள். தொள்ளாயிரத்து ஏழில் ஆறு தடவை போய் மீதி ஒன்று என்று வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. மீதி வந்துவிட்டது என்று திரும்பினார். ஆனால் எண்ணில் இன்னும் இரண்டு இலக்கங்கள் இறங்காமல் இருந்தன. நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாதிக் கணக்கில் சாக்பீஸை வைக்க மாட்டார். ஐந்தை இறக்கினார், பதினைந்து, போகவில்லை. ஒன்றை இறக்கினார். நூற்று ஐம்பத்தொன்று. கடைசியில் வகுக்க வந்த எண்ணே வந்து எதிரில் நின்றது. ஒரு தடவை. மீதி இல்லை.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. காற்றில் நின்ற பத்து இலக்கங்களும் கலைந்து 151 என்று ஒன்று விலகியது. மிச்சமிருந்தது, மாட்டிக்கொண்ட பிறகு மறைத்து என்ன பயன் என்பதுபோல, யாரும் வகுக்காமலே 751 என்றும் 28351 என்றும் தானாகப் பிரிந்தது. கூடையில் பீன்ஸெல்லாம் துண்டு துண்டாக விழுந்தன. பூஜை அலமாரியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த தேங்காய்கள் வரிசையாக உடைந்தன. பத்ரியின் செங்கற்கள் வாசலிலிருந்து உள்ளே வந்து கூடத்தில் தங்கள் சுவரைக் கட்டிக்கொண்டன. மாடியிலிருந்து ஓடிவந்த பத்ரியின் தலைக்கு மேல் 151 போய் நின்றது. ஸ்ரீரங்கனின் தலைக்கு மேல் 751 நின்றது. பத்ரி அண்ணாந்து இரண்டையும் படித்தார். எனக்கு ஒரு பங்கு, மூத்தவன் என்றால் அஞ்சு பங்கா, இது எப்போது போட்ட திட்டம் என்று அங்கேயே ஆரம்பித்தார்.

28351 யாருக்காகவும் நிற்கவில்லை. சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லில் புடவை அலசிக்கொண்டிருந்த தாயம்மாவின் தலைக்கு மேல் நின்றது. அதன் கீழே சமையலறை, கிணறு, கொல்லை எல்லாம் அடங்கின. மற்ற இருவருக்கும் கிடைத்ததைச் சேர்த்தாலும் அதில் மூலைக்குக் காணாது. பின்னாலேயே எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

“மூணாவதுக்கு இவ எங்கேர்ந்து வந்தா?” என்றார் பத்ரி. “இவ வேலைக்காரி, அண்ணா.”

“ஆமாம். வேலைக்காரிதான்” என்றார் ஸ்ரீரங்கன். அப்பா இறந்த பிறகு பாகப் பேச்சில் சகோதரர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

தாயம்மாவின் கால்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டன. வருடக்கணக்காகக் கணுக்காலில் இருந்த கனம் இறங்கி, அவள் நனைந்த தரையில் ஓரடி தள்ளாடினாள். எண் மட்டும் அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவள் தலைக்கு மேலேயே நின்றது. வீட்டு மனுஷி இல்லை என்று சொல்ல அவர்களால் முடிந்தது. வகுத்தது வகுத்ததுதான்.

தாயம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத்தையும் ரெண்டா வகுத்துப் போட்டுடுவாங்களாடி?”

“முடியாதும்மா. இது நெசமாவே பகா எண். நாலு கேள்வி கேட்டு உடல நானு. நூத்தி அறுவத்தேழு வரைக்கும் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துட்டேன், அதுக்கு மேல பாக்கத் தேவயில்ல. உன்ன யாரும் பிரிக்க முடியாது.”

தாயம்மா அண்ணாந்து பார்த்தாள். படிக்கத் தெரிந்த அளவுக்குப் படித்தாள். பிறகு அலசிய புடவையைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

“தாயம்மா, மத்தியானத்துக்கு இன்னும் ஒண்ணுமே ஆகலியே” என்றாள் ஜலஜா. அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நறுக்கிக்க மாமி. இப்ப நறுக்கும்” என்றாள் தாயம்மா.

இரண்டு பேரும் சமையலறை வழியாக, புதுச் சுவரைச் சுற்றி, கூடம் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். எண் நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து வந்தது. தாயம்மா நிற்காமல் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள், திரும்பி வரவில்லை. ஸ்ரீரங்கன் பின்னாலேயே வந்து, குரலை இறக்கி, அந்த எண்ணை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல், உன் அம்மாவை நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம் என்றார். பொன்மணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பங்கு கேட்டு கோர்ட்டுக்குப் போவாயோ என்று பத்ரி கேட்டார். கேட்பது என்று மந்தைவெளியிலேயே முடிவாகியிருந்தது. எந்த வக்கீல் என்பதும் முடிவாகியிருந்தது. அதை இவர்களிடம் சொல்லிக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை, இரண்டாவது செருப்பின் வாரை இழுத்துவிட்டு வெளியே போனாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரர் தாயம்மாவின் தலைக்கு மேல் பார்த்துவிட்டு, அது வெளியே நீட்டாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார்.